பல்லும் கருவியும் சொல்லும்



தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் பிறத்தற்குரிய உறுப்புகளை எண்ணும்போது நாவையும் இதழையும் கூறியதோடு நில்லாமல், பல்லையும் அவற்றோடு சேர்த்தே எண்ணுகிறது. நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் பிறக்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லின் முதலெழுத்தே பல்லின் துணையின்றிச் செம்மையாக ஒலிக்காது. முன்பற்களை இழந்த முதியவர் பேச்சில் குழைந்துபோகும் ஒலிகளுள் இவையும் உண்டு. பல்லுக்கும் சொல்லுக்கும் ஒரே மூச்சில் உறுதி தேடிய பழமொழியை வழங்கிவந்த மக்கள் இந்த உறவை நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் பல் மருத்துவம் ஓர் இலக்கிய வட்டத்துக்குப் புறம்பான பொருள் அன்று.

பல் மருத்துவர் தம் காலத்துப் புதுக் கருவிகளோடு எவ்வாறு ஒத்து நடப்பது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். எதை ஏற்பது, எப்போது ஏற்பது, எதை ஏற்காதிருப்பது என்னும் மூன்று வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. அவை மருத்துவர்க்கு மட்டும் உரியவை அல்ல. மரபுக்கும் புதுமைக்கும் இடையே நின்று எழுதும் ஒவ்வொரு கவிஞரும் எதிர்கொள்ளும் வினாக்களே அவை. ஆனால் கவிஞர் தவறினால் கெடுவது ஒரு கவிதை; மருத்துவர் தவறினால் கெடுவது ஓர் உடல்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி 1953இல் தொடங்கிற்று. அவ்வாண்டில் சேர்ந்த மாணவர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் தொழில் செய்திருப்பாரானால், கல்லூரியில் கற்ற கருவிகளுள் எத்தனை அவர் கையில் இறுதிவரை நிலைத்திருக்கும்? அவர் கற்கத் தொடங்கிய நான்காம் ஆண்டிலேயே, 1957இல், அமெரிக்கரான ஜான் போர்டன் காற்றுச் சுழலியால் இயங்கும் துளைக்கருவியை அறிமுகம் செய்தார். அதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது எண்ண வேண்டும். 1871இல் ஜேம்ஸ் மாரிசன் காப்புரிமை பெற்ற கருவி, தையல் இயந்திரம் போலக் காலால் மிதித்து இயக்குவது. 1875இல் ஜார்ஜ் கிரீன் மின்துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மின்சாரம் எட்டாத ஊர்களில் கால்மிதிக் கருவியே பின்னும் நெடுங்காலம் உழைத்தது. போர்டனின் கருவியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,00,000 முறை சுழன்றது.

வேகம் வந்தது, அதனோடு வெப்பமும் வந்தது. உராய்வின் சூடு பல்லின் உள்ளிருக்கும் உயிர்ச்சதையைக் கொன்றுவிடும். ஆகவே துளைக்கும் இடத்தில் இடைவிடாது நீரைத் தெளிக்க வேண்டியதாயிற்று. பழைய கருவியை அழுத்திப் பழகிய கை, புதிய கருவியைத் தொடாமல் தொடுவதுபோல் பிடிக்கக் கற்க வேண்டியதாயிற்று. கருவியை விலைகொடுத்து வாங்கிவிடலாம். கையின் பயிற்சியை அவ்வாறு வாங்க இயலாது. புதுமையோடு ஒத்து நடப்பது என்பதன் முதற்பொருள் இதுவே.

இனி, வரலாற்றிலிருந்து இரு மருத்துவர்களின் வாழ்வை எண்ணிப் பார்க்கலாம். முதலாமவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ். 1844 டிசம்பரில், நகைப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை மக்களுக்குக் காட்டும் கேளிக்கை நிகழ்ச்சிக்கு அவர் சென்றிருந்தார். வாயுவை உள்ளிழுத்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியுணராதிருந்தார். அவையோர் கேளிக்கையைக் கண்டனர். வெல்ஸ் மருந்தைக் கண்டார். மறுநாளே அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்துத் தம் பல் ஒன்றைப் பிடுங்கச் செய்து சோதித்தார். ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்முன் செய்து காட்டியபோது வாயு போதிய அளவு செல்லவில்லை; நோயாளி கூச்சலிட்டார். அவை எள்ளி நகையாடியது. பெரிதாக வலிக்கவில்லை என்று அந்நோயாளி பின்னர்க் கூறியது அவையின் காதில் ஏறவில்லை. அடுத்த ஆண்டு, 1846 அக்டோபர் 16ஆம் நாள், வெல்ஸின் பழைய மாணவரான வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு பாஸ்டனிலேயே வெற்றி கண்டார். மனமுடைந்த வெல்ஸ் 1848 ஜனவரியில், 33ஆம் வயதில், நியூயார்க் சிறையொன்றில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவரது கண்டுபிடிப்பை ஏற்றுப் போற்றியது 1864இல். அன்று எள்ளப்பட்ட அதே வாயு இன்றும் பல் மருத்துவமனைகளில் வழங்குகிறது. ஒரு முறை பிழைத்ததற்காகப் புதுமையைப் பொய்யென்று தள்ளிய அவையின் அவசரத்துக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

இரண்டாமவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ். இவர் கதை முன்னதன் மறுதலை. ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் தம் பற்களையே அக்கதிரால் படமெடுத்தார். அதற்காக 25 நிமிடங்கள் கதிரின்முன் அசையாதிருந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் கெல்ஸ் நோயாளிகளின் பற்களைப் படமெடுக்கத் தொடங்கினார். மின்சாரத்தைத் தம் தொழிலில் முற்பட்டுக் கையாண்டவர் அவர்; புதுமையை வரவேற்பதில் அவரினும் ஆர்வமுடையார் அக்காலத்தில் அரியர். கதிர்க்குழாய் செவ்வனே இயங்குகிறதா என்றறிய ஒவ்வொரு முறையும் தம் கையையே கதிரின் வழியில் நீட்டிப் பார்ப்பார். ஆண்டுகள் கடந்தன. கையில் புற்று தோன்றிற்று. விரல்கள் போயின, கை போயிற்று, அறுவை மேல் அறுவையாக வேதனை தொடர்ந்தது. 1928இல் அவரும் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. பாஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ராலின்ஸ், கண்ணுக்குத் தெரியாத இக்கதிர் உயிரைக் கொல்லவும் வல்லது என்பதைச் சீமைப்பெருச்சாளிகளிடம் சோதித்து 1901இலேயே எழுதியிருந்தார். குழாயைச் சுற்றி ஈயக்கவசம் அமைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். எச்சரிக்கை அச்சில் இருந்தது. உலகம் அதற்குச் செவிசாய்க்க நெடுங்காலம் பிடித்தது. புதுக் கருவியின் விளம்பரத்தைப் படிப்பவர் பலர். அதன் தீங்கைப் பற்றிய கட்டுரையைத் தேடிப் படிப்பவர் சிலர். அச்சிலர் வழியிலேயே கல்வி தொடர வேண்டும்.

வெல்ஸின் அவை ஐயத்தால் தவறியது; கெல்ஸின் காலம் ஆர்வத்தால் தவறியது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? ஸ்வீடன் நாட்டுப் பிரோனமார்க்கின் வாழ்வு அதற்கு விடை தருகிறது. முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியம், எலும்போடு ஒன்றிப் பிரிக்க முடியாதபடி இணைவதை அவர் 1950களில் கண்டார். பல்லின் வேருக்கு ஈடாக அவ்வுலோகத்தைத் தாடையில் ஊன்றலாம் என்னும் எண்ணம் அதிலிருந்து எழுந்தது. பிறவியிலேயே தாடைக் குறையுடைய ஒருவர்க்கு 1965இல் முதன்முதலாக அவ்வாறு ஊன்றினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவர் வாதாடிப் பொழுது கழிக்காமல், நோயாளிகளை ஆண்டுதோறும் பார்த்துக் குறித்துவைத்தார். 1982இல் கனடாவின் டொரான்டோ நகரில் கூடிய மாநாட்டில் அக்குறிப்புகளே அவர்க்காகப் பேசின. முதல் நோயாளியின் வாயில் ஊன்றிய செயற்கை வேர்கள் நாற்பது ஆண்டுக்கு மேல் அவர் வாழ்நாள் முடியும்வரை நிலைத்தன. புதுமையைக் காலம் என்னும் உரைகல்லில் உரைத்த பிறகே அவர் உலகின்முன் வைத்தார்.

பழையதைக் கைவிடுவதற்கும் இத்தகைய நிதானம் வேண்டும். பாதரசம் கலந்த வெள்ளிப் பூச்சு பற்குழிகளை நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அடைத்துவந்துள்ளது. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமொன்று 1840களில் அதற்குத் தடை விதித்து, அப்பூசலிலேயே சிதைந்துபோயிற்று, பூச்சு நிலைத்தது. பாதரசத்தால் நிலமும் நீரும் கெடுவதை எண்ணி, 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அதனைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து பொதுவாக அதனை விலக்கியது. விலகும் பொருளானாலும், அது இத்தனை தலைமுறை பற்களைக் காத்தது என்னும் நன்றியை மறத்தல் தகாது.

இன்றைய மருத்துவர்முன் நிற்கும் கருவிகள் பல. 1985இல் சூரிச் நகரில், பற்குழியை ஒளியால் அளந்து, அதற்கேற்ற பீங்கான் அடைப்பை நோயாளியின் அருகிலேயே கடைந்தெடுத்து, ஒரே அமர்வில் பொருத்தும் முறை முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. 1987இல் பிலிம் இன்றியே எக்ஸ் கதிர்ப் படத்தைக் கணினித் திரையில் காட்டும் முறை பிரான்சில் வந்தது. அதன்பின் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன், பல்லின் அச்சை மாவு பிசையாமலே எடுக்கும் ஒளிக்கருவி, படத்தைப் பார்த்துச் சொத்தையைச் சுட்டும் செயற்கை நுண்ணறிவு என்று வரிசை நீள்கிறது. இவற்றுள் நன்மையில்லாதது இல்லை. ஆயினும் எல்லார்க்கும் எல்லாம் வேண்டியதும் இல்லை. முப்பரிமாண ஸ்கேன், ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறுபடத்தைக் காட்டிலும் மிகுந்த கதிரை உடலுக்குள் செலுத்தும். சிறுபடம் போதுமான இடத்தில் அது வேண்டாத சுமை.

இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்றுண்டு. விலையுயர்ந்த கருவிகள் பெரும்பாலும் கடனில் வருகின்றன. சிற்றூர் மருத்துவர் ஒருவர் மாதந்தோறும் தவணை கட்ட வேண்டியிருக்கும்போது, நோயாளிக்குக் கருவி தேவையா என்னும் வினா மெல்ல மாறி, கருவிக்கு நோயாளி தேவை என்னும் நிலை வந்துவிடலாம். எல்லாரும் அவ்வாறு ஆவதில்லை. ஆயினும் அவ்விழுப்பு உண்டு என்பதை மறைப்பதால் பயனில்லை. வாயிலில் தயங்கி நிற்கும் கூலித் தொழிலாளி திரையின் பளபளப்பைக் கேட்பதில்லை. வலி தீர வேண்டும். கருவிகள் கொதிகலனில் தூய்மை செய்யப்பட்டிருக்க வேண்டும். கூலி ஒருநாளைக்கு மேல் இழக்கப்படாதிருக்க வேண்டும். அவர் கேட்பது இவ்வளவே.

புதுமை என்றாலே பெருங்கருவி என்று எண்ணுவதும் பிழை. 1980களின் நடுவில் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் ஒரு புதுமுறை தோன்றிற்று. மின்சாரமும் துளைக்கருவியும் இல்லாத ஊர்களில், கைக்கருவியால் சொத்தையின் மென்மையான பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் என்னும் பசையால் குழியை அடைத்தனர். உலக நலவாழ்வு நிறுவனமும் அதனை எடுத்துப் பரப்பியது. பள்ளித் திண்ணையில் ஒரு மேசையிட்டுச் செய்யத்தக்க இம்முறையும் அறிவியலின் புதுமையே. சுழலும் கருவியின் ஓசைக்கு அஞ்சும் குழந்தைக்கு அதுவே பெரும்புதுமை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கி முடிகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். இன்றைய கருவிகள் எத்துணைப் பெரியவையாயினும் இவற்றுள் மருந்து என்னும் ஒரு கூற்றிலேயே அடங்கும். படத்தில் கரும்புள்ளியைச் சுட்டும் கணினியும் தீர்ப்பவரின் இடத்துக்கு ஏற இயலாது. பொறுப்பு ஏற்பவரே தீர்ப்பவர். இந்த நான்கையும் அளவுகோலாகக் கொண்டால், புதுக் கருவி ஒவ்வொன்றையும் நோக்கி நான்கு வினாக்கள் எழும். நோயுற்றவர்க்கு இதனால் வலியோ செலவோ குறையுமா? தீர்ப்பவர் இதனைக் கையாளப் பயின்றாரா? மருந்தாக இதன் நன்மையும் தீங்கும் ஆண்டுக்கணக்கில் பார்க்கப்பட்டனவா? அருகிருந்து பேணுவோர், அதாவது உதவியாளரும் செவிலியரும், இதனால் ஊறுபடாதிருப்பரா? கெல்ஸ் நான்காம் வினாவைத் தமக்கே கேட்டிருந்தால் அவர் கை பிழைத்திருக்கும்.

இதில் கவிஞர்க்கும் ஒரு பங்கு உண்டு. முன்பு மருத்துவர் மட்டுமே கண்ட பல்லை, இன்று நோயாளியும் திரையில் காண்கிறார். கண்டதும் கேட்கிறார். அதற்கு விடைகூறச் சொல் வேண்டும். 'வேர்ச்சிகிச்சை' என்பது நூல்வழக்கில் நிலைத்துவிட்டது. மக்கள் நாவிலோ 'ரூட் கெனால்' என்றே வழங்குகிறது. இரண்டுள் எது நோயாளிக்குச் சட்டென விளங்குமோ அதுவே அந்நேரத்துக்குரிய சொல். ஆனால் இன்று வரும் பல கருவிகளுக்கு இரண்டும் இல்லை. விளங்காத சொல்லுக்குத் தலையசைப்பது இசைவு ஆகாது. அஞ்சித் தலையசைப்பதே ஆகும். அறுவைக்கு முன் ஒருவர் இடும் கையெழுத்து பொருளுடையதாக வேண்டுமானால், அவர்க்குச் சொல்லப்பட்டது அவர் மொழியில், அவர் அறியும் சொல்லில் இருத்தல் வேண்டும்.

சொல்லை உருவாக்குவதும், உருவான சொல் நாவில் ஏறுமா என்று பார்ப்பதும் கவிஞரின் தொழில். மருத்துவர்கள் தம் ஊர் இலக்கிய வட்டத்தாரோடு அமர்ந்து, தாம் நாள்தோறும் விளக்கும் இருபது செயல்களுக்கேனும் எளிய தமிழ்த் தொடர்களை எழுதி, காத்திருக்கும் அறையின் சுவரில் தொங்கவிடுவாரானால், அது எந்தக் கருவிக்கும் குறையாத தொண்டாகும். அதற்குக் கடன் வேண்டியதில்லை, தவணையும் இல்லை. பத்தாண்டு நிறைந்த ஒரு வட்டம் பதினோராம் ஆண்டில் தொடங்கத் தக்க பணிகளுள் இதுவும் ஒன்று.