பச்சைத் தேயிலையும் அதன் விலையும்
(சங்கத்தின் குடும்பநலக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காப்பி விஷயத்தில் நம்மை எவரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. மாட்டுங்காவில் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை முன் நின்று, பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி வேண்டுமா வேண்டாமா என்று கணக்காகச் சொல்லி, முகர்ந்து பார்த்தே வாங்குகிறோம். அதே நாம் பச்சைத் தேயிலை வாங்கப் போனால் பெட்டியின் படத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், விலை அதிகமானால் குணமும் அதிகம் என்று எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் கொழுந்துகளே. பறித்த இலையை வாடவிட்டு, கசக்கி, காற்றில் நிறம் மாறவிட்டால் கறுப்பு. பறித்த கையோடு ஆவியிலோ வாணலிச் சூட்டிலோ வாட்டி அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டால் பச்சை. ஐரோப்பியர் வெகுகாலம் இதை அறியாமல், இரண்டும் வெவ்வேறு செடி என்றே நம்பியிருந்தனர். 1840களில் சீனா சென்ற ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காத்லாந்துக்காரர் நேரில் கண்டு எழுதினார். அவர் வேறொன்றையும் கண்டார். அயல்நாட்டுக்கு அனுப்பும் தேயிலை மேலும் பசுமையாகத் தோன்றவேண்டும் என்பதற்காக அதில் நீலச் சாயமும் ஜிப்சமும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்! நிறத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் சாயத்தையும் சேர்த்துக் குடித்தார்கள்.

இக்காலத்தில் விலை ஏன் உயர்கிறது? ஒரு கிலோ தேயிலைக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மொட்டும் இரண்டு இளம் இலைகளுமாகக் கையால் கிள்ளினால் கூலி கூடும். (அக்கூடுதல் விலையில் எவ்வளவு நீலகிரியில் கூடை சுமக்கும் நம் சகோதரியின் கைக்குப் போகிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை.) ஜப்பானில் கியோகுரோ என்னும் உயர்ந்த வகைக்கு, பறிப்பதற்கு முன் ஏறக்குறைய மூன்று வாரம் செடிகளுக்கு நிழற்பந்தல் இடுகிறார்கள். வெயில் படாததால் இலையில் தியானின் என்ற பொருள் தங்கி, இனிமை மிகுகிறது.

இங்கேதான் வேடிக்கை. உடல்நலத்துக்கு உகந்தது என்று பெட்டிகள் புகழும் கேட்டச்சின், வெயிலில்தான் மிகுதியாக உண்டாகிறது. ஆகவே நிழலில் வளர்த்த விலையுயர்ந்த தேயிலையில் அது குறைவு. வெயிலில் வளர்ந்த எளிய தேயிலையில் அதிகம். மருந்தென்று எண்ணி அதிக விலை கொடுப்பவர், தாம் தேடும் பொருளையே குறைவாகப் பெறக்கூடும்.

மருந்துதானா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. ஜப்பானின் மியாகி வட்டாரத்தில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2006இல் வெளிவந்தது. நாள்தோறும் ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் பருகியவர்களிடையே இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தோர் குறைவாக இருந்தனர். புற்றுநோய் மரணத்தில் அத்தகைய வேறுபாடு இல்லை. அவர்கள் கணக்கிட்டது எத்தனை கோப்பை என்பதையே அன்றி, என்ன விலை என்பதை அன்று. உடல் மெலிவதைப் பற்றி 2012இல் காக்ரேன் குழுவினர் பல பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றே முடிவு கூறினர்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர், ‘இனி இதுவே போதும்’ என்று சர்க்கரை நோய் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அவருடைய மருமகள் தற்செயலாகக் கண்டுபிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அவர் வாங்கியது கடையிலேயே மிக உயர்ந்த விலையுள்ள பெட்டி. அந்த விலையே அவருக்கு நம்பிக்கையைக் கொடுத்தது!

தாய்மார்கள் மற்றொன்றையும் கருதவேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. உணவோடு சேர்த்துத் தேநீர் பருகினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறைகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நன்று.

அப்படியானால் நல்ல தேயிலையே வேண்டாமா? வேண்டும், சுவைக்காக. ஆனால் கணக்குப் பாருங்கள். ஒன்றரைக் கிராம் தூள் அடைத்த பை 25 கொண்ட பெட்டி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 37.5 கிராம், கிலோவுக்கு 5,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது! கிலோ 2,000 ரூபாய் விலையுள்ள முழு இலையை வாங்கினால், இரண்டு கிராம் போட்ட கோப்பைக்கு நான்கே ரூபாய். நல்ல இலையாயின் இரண்டாம் முறையும் வெந்நீர் ஊற்றலாம். நடுத்தர விலையில் முழு இலை வாங்குவது தகும் என்பதே என் தீர்ப்பு. அதற்கு மேல் கொடுப்பது நாக்கின் இன்பத்துக்கு, வசதியுள்ளவர் கொடுக்கட்டும்.

எவ்வளவு கொடுத்தாலும் பம்பாய் மழைக்காலம் அதைக் கெடுத்துவிடும். தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். எனவே ஐம்பது, நூறு கிராமாக வாங்கி, இறுக மூடிய டப்பாவில், பெருங்காயத்துக்கும் காப்பிப் பொடிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றினால் கசக்கும். அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பால் வேண்டாம். பால் விட்டுத்தான் குடிப்பேன் என்பவர்களுக்கு நம் மாட்டுங்காக் காப்பி இருக்கவே இருக்கிறது.