ஆணை பிறந்தது, புட்டி எங்கே?

(தொழிற்சங்கத் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்றதன்று எனச் சிலர் கருதக்கூடும். தேர்தலைப் பற்றியன்று, வரவு செலவுத் திட்டத்தைப் பற்றியன்று, ஒரு சிறிய மருந்துப் புட்டியைப் பற்றியது. ஆயினும், அந்தப் புட்டிக்குள்ளே ஓர் அரசின் திறமும், ஒரு சட்டத்தின் ஓட்டையும், வாணிபத்தின் பேராசையும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன. கேட்டு முடித்தபின் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பராசியா என்னும் ஊரைச் சுற்றி, குழந்தைகளுக்குச் சளியும் இருமலும் காய்ச்சலும் கண்டன. மருத்துவர் சீட்டு எழுதினார். தந்தை கடையில் வாங்கினார். தாய் கரண்டியில் ஊற்றி, அழும் பிள்ளையைச் சமாதானம் செய்து புகட்டினாள். சில நாட்களில் சிறுநீர் நின்றது, சிறுநீரகம் செயலிழந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாகபுரி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர். பெற்ற தாயின் கையே நஞ்சை ஊட்டியது என்றால், அந்தத் தாய்க்கு யார் ஆறுதல் சொல்ல முடியும்?

அந்த மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். அது செய்யப்பட்ட இடம் வடக்கே எங்கோ அன்று. நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம். அக்டோபர் முதல் நாள் மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்தது. விடுமுறை நாட்கள் என்றும் பாராமல் நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆலைக்குச் சென்றனர்; மாதிரி எடுத்தனர்; இரண்டொரு நாளில் சோதனை முடிவும் வந்தது. எஸ்.ஆர். 13 என்ற தொகுதி எண் கொண்ட அந்த மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. இருக்கலாம் என ஒப்பப்பட்ட அளவோ 0.1 விழுக்காடு! விற்பனை தடுக்கப்பட்டது, ஆலை மூடப்பட்டது, உரிமம் பறிக்கப்பட்டது.

விரைந்து செய்தார்கள், பாராட்டுவோம். ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் நாம் அரசியல் கற்றவர்கள் ஆகமாட்டோம். அதே ஆலையில் 39 மிகக் கடுமையான குறைகளும் 325 பெருங்குறைகளும் அப்போது கண்டெழுதப்பட்டன. முந்நூற்று அறுபத்து நான்கு குறைகள் ஓர் இரவில் முளைத்தனவா? 2011 முதல் உரிமம் பெற்று நடந்த ஆலை அது. சாவுக்குப்பின் இரண்டு நாளில் கண்ட கண்கள், சாவுக்குமுன் இத்தனை ஆண்டுகள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தன? ஆண்டது எந்தக் கட்சி என்று பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வியன்று இது. நம் மண்ணில் செய்த நஞ்சுக்கு நாம் முதலில் நாணவேண்டும். பிறகுதான் பிறரைக் கேட்கவேண்டும்.

அந்த நஞ்சு எப்படி வருகிறது? நீரில் எளிதாகக் கரையாத மருந்தைக் கரைத்துப் பானியாக்க ஒரு கரைப்பான் வேண்டும். மருந்துக்குரிய தூய்மை கொண்ட புரொப்பிலீன் கிளைகாலுக்கு விலை கூடுதல். தொழிற்சாலைக்கென்று விற்கும் மலிவுச் சரக்கில் டைஎத்திலீன் கிளைகால் கலந்திருக்கக்கூடும். பார்வைக்கு வேற்றுமை தெரியாது, நாவுக்கு இனிக்கும், சிறுநீரகத்தைக் கொல்லும். வாங்கிய ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்தால் கண்டுபிடித்துவிடலாம். சோதனைக்கு ஆகும் காசை மிச்சப்படுத்தினார்கள் என்றால், குழந்தையின் உயிரைச் செலவுக் கணக்கில் எழுதினார்கள் என்பதே பொருள்.

நிற்க. தடை ஆணை பிறந்த நாளில் அந்தப் புட்டிகள் எங்கே இருந்தன? சில ஆலையில், சில மொத்த வியாபாரியின் கிடங்கில், சில கடை அலமாரியில், சில, ஏழை வீட்டு மாடத்தில், பாதி குடித்த நிலையில். ஆணை தாளில் பிறக்கிறது. புட்டியோ படுக்கையருகே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பது யார்? இதுதான் இன்றைய கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு நாடு ஒருமுறை விடை கண்டது. 1937ஆம் ஆண்டு, அமெரிக்காவில், இதே டைஎத்திலீன் கிளைகாலில் சல்பானிலமைடு என்ற நல்ல மருந்தைக் கரைத்து, பழச்சுவை சேர்த்து, எலிக்சர் சல்பானிலமைடு என்று ஒரு நிறுவனம் விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தி வெளிப்பட்டதும் நிறுவனம் தந்தி அடித்தது, சரக்கைத் திருப்பி அனுப்புங்கள் என்று. ஏன் என்று சொல்லவில்லை! உயிருக்கு ஆபத்து என்று வெளிப்படையாகச் சொல்லி மறுபடி தந்தியடிக்க வைத்தது அரசின் உணவு மருந்துத் துறை.

அத்தோடு அத்துறை ஓயவில்லை. தன்னிடமிருந்த ஆய்வாளரும் வேதியியலாரும் ஆகிய 239 பேரில் ஏறத்தாழ அனைவரையும் களத்தில் இறக்கியது. கடைகடையாக ரசீதுகளைப் புரட்டினார்கள். சீட்டில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு வீடுவீடாகச் சென்றார்கள். மலைநாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒரு குடும்பத்தின் மூன்று வயதுப் பிள்ளையைத் தேடுவதற்காக, ஒரு மருத்துவர் தம் திருமணத்தையே தள்ளிவைத்தார். மருந்தை அழித்துவிட்டேன் என்றாள் ஒரு பெண்மணி. துருவிக் கேட்டபோது, சந்தில் எறிந்தேன் என்றாள். சந்திலே சென்று பார்த்தால், புட்டி உடையவில்லை. ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமான மருந்து அதில் இருந்தது!

செய்யப்பட்டது 240 கேலன். மீட்கப்பட்டது 234 கேலனும் ஒரு பைண்டும். எஞ்சிய ஆறு கேலனுக்கும் குறைவான மருந்துதான் அத்தனை பேரைக் கொன்றது. எல்லாம் மீளாமல் இருந்திருந்தால்? எண்ணவே உள்ளம் நடுங்குகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நஞ்சை விற்றதற்காக அந்நிறுவனத்தின்மீது வழக்குப் போட அன்றைய சட்டத்தில் இடமில்லை. எலிக்சர் என்றால் சாராயம் கலந்திருக்கவேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் பொய் என்று சொல்லித்தான் சரக்கைக் கைப்பற்றினார்கள். பெயரில் பிழை இல்லாதிருந்தால் அரசின் கை கட்டுண்டிருக்கும்! அந்த வெட்கத்தை அவர்கள் ஓராண்டுக்கு மேல் சுமக்கவில்லை. விற்பதற்குமுன் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கவேண்டும் எனும் சட்டம் 1938இல் வந்தது.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 1972இல் நம் சென்னையிலேயே பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த நஞ்சுக்கு இரையாயினர். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள். நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது. 1998இல் குர்கானில் 33 குழந்தைகள். 2019இன் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்டோர். 2022இல் நம் நாட்டுப் புட்டிகள் கடல் கடந்து காம்பியாவுக்குச் சென்றன. அங்கே ஏறத்தாழ எழுபது குழந்தைகளின் சாவோடு அவை தொடர்புபடுத்தப்பட்டன. பிறகு 2025இல் சிந்த்வாரா. ஒரு சாவிலிருந்து ஒரு சட்டம் செய்தது அந்த நாடு. இத்தனை சாவுகளிலிருந்து நாம் செய்தது என்ன?

1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் உண்டு. 1945ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. தரம் தவறிய தொகுதியைத் திரும்பப் பெறுமாறு உரிமம் பெற்றவரை அந்த விதிகள் பணிக்கின்றன. எப்படிப் பணிக்கின்றன? நடைமுறையில் இயன்ற அளவுக்கு, என்று! முதலாளிக்கு இயன்ற அளவு எவ்வளவு என்பதை முதலாளியே அளந்துகொள்வார் போலும். உயிருக்கு ஆபத்தான மருந்தை மிஞ்சிப்போனால் 72 மணி நேரத்துக்குள் விற்பனையிலிருந்து நிறுத்தவேண்டும் என்று 2012இல் மத்திய மருந்துத் துறை நெறிமுறை வகுத்தது. நல்ல நெறிமுறைதான். ஆனால் நெறிமுறை அறிவுரை கூறும். சட்டம்தான் கை பிடிக்கும். அறிவுரைக்குப் பேராசை என்றைக்குச் செவி சாய்த்தது?

திரும்பப் பெறுதல் என்றால் அறிக்கை விடுதல் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, அது கையால் செய்யும் வேலை. மருந்துக் கடைக்காரர் அலமாரிமுன் நின்று, பெயரை மட்டுமன்றித் தொகுதி எண்ணையும் ஒவ்வொரு புட்டியிலும் படிக்கவேண்டும். முன்வரிசையில் இருப்பதோடு நிற்காமல், பின்வரிசை, குளிர்பெட்டி, பிரிக்காத பெட்டி, வாடிக்கையாளர் திருப்பித் தந்த சரக்கு, காலாவதிக் கூடை எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். அகப்பட்டதைத் தனியே பூட்டி, விற்பதற்கன்று என்று எழுதி ஒட்டி, எண்ணிக்கையைக் கொள்முதல் ரசீதோடு ஒப்பிடவேண்டும். நாற்பது வாங்கி, பதினெட்டு இருந்தால், இருபத்திரண்டு யார் வீட்டில்? விற்பனை ரசீது இருந்தால் வழி தெரியும். ரசீதின்றி விற்றிருந்தால், அந்த இருபத்திரண்டு வீடுகளும் இருளில் கிடக்கும்.

சிறு கடைக்காரரால் இதெல்லாம் ஆகுமா என்று ஒரு தோழர் கேட்டார். நேர்மையான கேள்வி. திருப்பி அனுப்பிய சரக்குக்குப் பணம் வராது என்று அஞ்சும் சிறு கடைக்காரர், அலமாரியைப் பார்க்கவே தயங்குவார். அவரைத் திருடர் என்று திட்டிப் பயனில்லை. தொகையை இத்தனை நாளுக்குள் ஆலை தந்தாகவேண்டும் என்று சட்டமே சொல்லட்டும். அவர் நம் பக்கம் நிற்பார்.

இயலாது என்போருக்கு நம் மாநிலமே ஒரு சான்று. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தான் வாங்கும் மருந்தின் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, தேறியபின்னரே அரசு மருத்துவமனைகளுக்கு விடுகிறது. வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்குபவனுக்கு இந்தக் காவல் இல்லை. 50 ஆலைகளுக்கு ஓர் ஆய்வாளர், 200 கடைகளுக்கு ஓர் ஆய்வாளர் வேண்டும் என்று மஷேல்கர் குழு 2003இலேயே சொன்னது. ஆளின்றிக் காவல் ஏது?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. திரும்பப் பெறுதல் சட்டக் கடமையாகவேண்டும். மணிக்கணக்கில் கெடு வேண்டும். தவறினால் தண்டனை வேண்டும். ஒரு மாநிலத்தில் நஞ்சென்று கண்ட தொகுதி அன்றே எல்லா மாநிலங்களிலும் நிற்கவேண்டும். ஆய்வாளர் பணியிடங்கள் நிரப்பப்படவேண்டும். ஆய்வறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வரவேண்டும்.

கோரிக்கை வைப்பதோடு நம் கடமை முடிவதில்லை, தோழர்களே. மருந்து வாங்கினால் ரசீது கேளுங்கள். அதில் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய மருந்துத் துறை தரம் தவறிய மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதைப் படிப்பகப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஐயம் எழுந்தால், சட்டத்தின் 26ஆம் பிரிவு உங்களுக்கே உரிமை தருகிறது: வாங்கிய மருந்தை, உரிய கட்டணம் செலுத்தி, அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். கடைக்குள் புகுந்து அதிகாரம் செய்யாதீர்கள்; அது ஆய்வாளர் வேலை. எல்லா மருந்தும் நஞ்சு என்று பீதி பரப்பாதீர்கள். அச்சத்தால் மருந்தை நிறுத்தியவனும் சாவான். வேண்டியது விழிப்பு, வெறியன்று.

1937இல் ஒரு மருத்துவர் தம் திருமணத்தைத் தள்ளிவைத்து, முன்பின் அறியாத ஒரு பிள்ளையைத் தேடி மலையேறினார். அந்த மனம்தான் நான் சொல்லும் சட்டத்தின் உயிர். நாளைக்கே ஓர் ஆணை பிறக்கலாம். அப்போது, புட்டி எங்கே என்று கேட்டு, அது இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுபவர்களாக நாம் இருப்போம்.