வில்லன் பேசலாமா?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்றிரவு நம் இளைஞர்கள் நடிக்கவிருக்கும் வீர நாடகத்தின் ஒத்திகையில் ஒரு வழக்கு எழுந்தது. இறுதிக் காட்சியில் வில்லன் ஒன்றரைப் பக்கம் வசனம் பேசுகிறான். "சண்டை விறுவிறுப்பாக அமைய வேண்டுமானால் இதை வெட்டிவிட வேண்டும்" என்றனர் இளைஞர். "வசனம் போனால் நாடகத்தில் எஞ்சுவது என்ன?" என்றனர் பெரியோர். தீர்ப்புக் கூறும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட நமக்குக் கலையாராய்ச்சி செய்யும் தகுதி இல்லை. சண்டைப் படங்களை விடாமல் பார்த்த பழக்கம் உண்டு. அந்தத் துணிவில் பேசுகிறோம்.

முதலில் இளைஞர் கட்சியைக் கேட்போம். கதாநாயகன் தூணில் கட்டுண்டு நிற்கிறான். வில்லன் கையிலே துப்பாக்கி. சுட்டால் கதை முடிந்தது. அவனோ சுடாமல், தான் செய்த கொலைகளையும் செய்யப்போகும் சதிகளையும் வரிசையாக எடுத்துரைக்கிறான். அதற்குள் கதாநாயகன் கயிற்றை அறுத்துக்கொள்கிறான். தமிழ்ப் படத்திலும் இதைக் கண்டோம். ஆங்கிலப் படத்திலும் கண்டோம். கொட்டகையில் அச்சம் பிறப்பதில்லை, சிரிப்பே எழுகிறது. மூடனை வென்றவனுக்கு வீரன் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

இனிப் பெரியோர் கட்சி. 1950-ஆம் ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 'மந்திரி குமாரி' படத்தை வெளியிட்டனர். வசனம் மு. கருணாநிதி. வில்லன் பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜனும், அவன் மனைவி அமுதவல்லியாக மாதுரி தேவியும் நடித்தனர். அன்பு மொழி பேசி மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் பார்த்திபன், அவளைக் கொல்லவே அழைத்து வந்ததாகத் தன் வாயாலேயே கூறுகிறான். சாவதற்கு முன் கணவனை மும்முறை வலம் வர அனுமதி கேட்கிறாள் அவள். வலம் வரும்போதே அவனைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். தளபதியாக எம்.ஜி.ஆர். நடித்த படம் அது. ஆயினும் வில்லனை வீழ்த்தியது வாளேந்தாத ஒரு பெண்ணின் கை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதையே இதற்கு மூலம்.

இவ்விரு வில்லன்களும் பேசியே கெட்டார்கள். பின் வேறுபாடு எங்கே? கட்டுண்ட கதாநாயகன் வில்லனின் சொல்லால் கயிற்றை அறுக்கவில்லை. அவன் வேறு எதைப் பேசியிருந்தாலும் அறுத்திருப்பான். அமுதவல்லியோ அச்சொல்லைக் கேட்ட பின்னரே கணவனை அறிந்தாள். கேட்ட நொடியில் அவள் அன்பு முறிந்தது, செயல் பிறந்தது. அந்தப் பேச்சை வெட்டினால் கதையே இல்லை.

ஆகவே நாம் கண்ட அளவுகோல் இதுதான்: வில்லன் பேச்சைக் கேட்பவன் யார்? கேட்டபின் அவன் மாறுகிறானா? மாறினால் பேச்சு படத்துக்கு வலிமை. மாறாவிட்டால் அது வெறும் வாய்வீச்சு. நீளமும் இன்றியமையாததன்று. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வெளிவந்த ஆண்டு 1958. அதில் நாட்டியப் போட்டியின் நடுவே பி. எஸ். வீரப்பா கூறிய மூன்றே சொற்களைத் தமிழர் இன்னும் மறக்கவில்லை.

வெகுதூரம் போவானேன்? கும்ப மாதத்தில் நம் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படைத் திருவிழா நடைபெறுகிறது. படையெடுத்து வந்த கொங்கனை இவ்வூரார் பகவதியின் துணையால் வென்றதன் நினைவு அது. அதிலும் பகைவனின் போர் ஓலை முதலில் வாசிக்கப்படுகிறது. ஓலையைக் கேட்ட பின்னரே ஊர் திரள்கிறது. அந்தக் கொங்கன் யார்? நம்மில் பலருடைய பூர்விகச் சீமையிலிருந்து வந்தவன்! இவ்வூர்க் கதையில் வில்லன் நம்மவன். அவன் ஓலையை வாசியாமல் விட்டால், அவன் பெயரற்றுத் தோற்றவன் ஆவான். வென்றவர் பெருமையும் சிறுத்துப் போகும். எதிரிக்கும் ஒரு வாய் கொடுத்த இவ்வூர்ப் பண்பை, இங்கே குடியேறி வாழும் நாம் நன்றியோடு எண்ண வேண்டும்.

இனித் தீர்ப்பு. நம் நாடக வில்லன் முதல் ஒரு பக்கத்தில் தன் பழம்பெருமை பேசுகிறான். அதனால் எவரும் மாறவில்லை. அதை வெட்டுக! கடைசி அரைப் பக்கத்தில், கதாநாயகனைக் காட்டிக் கொடுத்தவன் அவன் உயிர்த்தோழனே என்கிறான். அங்கேதான் கதாநாயகன் கை நடுங்குகிறது. அதில் ஓர் எழுத்தையும் தொடாதீர்!

பெரியோர்களின் வருத்தம் நமக்குத் தெரியும். பள்ளியில் மலையாளம் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்கு நல்ல தமிழ் ஓசை கேட்கும் இடங்கள் வீடும் மேடையும் திரைப்படமுமே. வெட்டிய பக்கம் வீணாக வேண்டாம். அடுத்த ஆண்டு சிறுவர் வசன ஒப்புவிப்புப் போட்டிக்கு அதையே வைப்போம். மேடையில் சண்டையைத் தடுத்த தமிழ், பிள்ளைகள் நாவில் உரமாகட்டும்.

வில்லன் நெடுநேரம் பேசினான் என்ற பழி நமக்கும் வராதிருக்க, இத்துடன் அமைகிறோம்.