பூட்டுப் போடலாம், பழி போடலாமா?

(தோட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்து கூடிய இந்த நாட்களில் கைக்காசுக்கு வெளியாட்கள் வந்து வேலை செய்கிறார்கள். இதே நாட்களில் இரண்டு லயத்தில் காஸ் சிலிண்டர் காணாமல் போயிருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு மலைக்குப் போங்கள் என்று நாங்கள்தான் சொன்னோம். பூட்டுவது யாரையும் கள்ளன் என்று சொல்வதல்ல. நல்லவன் வந்தாலும் பூட்டு பூட்டுத்தானே! முகம் தெரியாத ஆளிடம் பேர், ஊர் கேட்பதிலும் பிழையில்லை.

ஆனால் போன கிழமை அவர்களுடன் வந்த பொம்பளைகள் பீலிக்கரைக்குப் போனபோது, "கள்ளக் கூட்டத்துக்கு இங்கே தண்ணி இல்லை" என்று பேச்சு எழும்பியிருக்கிறது. இது கவனம் இல்லீங்க. இது தீர்ப்பு. சிலிண்டரை எடுத்தது யார் என்று இன்றைக்கும் தெரியாது. விசாரிக்காமலே முப்பது பேருக்கும் தண்டனை கொடுத்தாயிற்று.

இந்த மாதிரித் தீர்ப்பு எப்படி வலிக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்த்தா நம்ம பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது? மொத்தமாகத்தானே! எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. 2009இல் முடிந்த யுத்த காலத்தில், கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த நம்ம பொடியன்கள் எத்தனை பேரை அடையாள அட்டையில் பேரைப் பார்த்தே பிடித்துக்கொண்டு போனார்கள்! குண்டு வெடித்த ஊரில் சோதனைச் சாவடி போட்டதை நாங்கள் குறை சொல்லவில்லை. அட்டையைப் பார்க்கலாம், பையைப் பார்க்கலாம். தமிழ்ப் பேர் என்றதும் புலி என்று முடிவு கட்டியதுதான் அநியாயம்.

1983 ஆடிக் கலவரத்தில் கூட்டத்தைக் கண்டு ஓடி ஒளிந்தது புத்தி. அதற்காகச் சிங்களச் சனம் எல்லாமே கெட்டது என்றால் அது பொய். தமிழரைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் எத்தனையோ.

"அப்போ ஏமாந்து போகச் சொல்றீங்களா ஐயா?" என்று ஒரு அம்மா கேட்டார். இல்லையம்மா. வெளிநாட்டு வேலை என்று வரும் ஏஜண்டிடம் லைசன் இலக்கத்தைக் கேளுங்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். அதற்கு முன் காசு கொடுக்காதீர்கள். சொந்தக்காரன் என்றாலும் கேளுங்கள். சொந்தக்காரனிடம்தான் நாம் கேட்பதேயில்லை, அது வேறு கதை.

சிலிண்டர் விசயமாகப் பொலிஸில் முறைப்பாடு செய்தாயிற்று. நாளை முதல் வெளியாட்களின் பேர் காலைப் பிரட்டில் எழுதப்படும். டிவிசன் மாறி வரும் நம்ம ஆட்களின் பேரும் எழுதப்படும். பீலிக்கரையில் அவர்களுக்கும் தண்ணீர் உண்டு என்று தலைவர்மார் இன்றைக்கே லயம் லயமாகச் சொல்லிவிடுங்கள்.