சுலோசன முதலியார் பாலம்
(தளியில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தார் சிலருடன் தென்பாண்டி நாட்டு யாத்திரை சென்று மீண்டோம். திருக்கோயில்களின் சிறப்பைப் பிறர் உரைப்பர். திருநெல்வேலியில் யாம் கண்ட பாலமொன்றைப் பற்றி மட்டும் ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

அந்நகர் தாமிரபரணியாலும் அதன் கால்வாய்களாலும் வாழ்வது. கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய் என்பன வயல்தோறும் நீரூட்டுகின்றன. ஏரிநீரை நம்பும் தளியார்க்கு அக்காட்சியே விருந்து. ஆயினும் வாழ்வளித்த அவ்வாறே ஒரு காலத்தில் வழியையும் மறித்தது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே செல்வோர் வெள்ளம் பெருகினால் படகையே நம்பிக் கரையில் காத்துக் கிடந்தனர்.

அந்நாளில் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக விளங்கியவர் சுலோசன முதலியார். பாலம் அமைக்க ஏறத்தாழ 50,000 ரூபாய் வேண்டியிருந்தது. அன்று அது பெருநிதி. அதனை அவர் தம் சொந்தப் பொருளினின்றே ஈந்தார். இலண்டனில் 1817-இல் திறக்கப்பெற்ற வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு, 11 வளைவுகளுடன் எழுந்த அப்பாலம் 1843-இல் திறக்கப்பெற்றது. மாதிரியாக நின்ற இலண்டன் பாலம் 1930-களில் இடித்தகற்றப்பட்டது. நெல்லைப் பாலமோ, பின்னாளில் அகலப்படுத்தப்பெற்று, 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தையும் தாங்கி இன்றும் நிற்கின்றது.

அன்பர்களே! அவர் அப்பொருளால் மாளிகை எடுத்திருக்கலாம். தம் குலத்தார்க்கென்றே ஒரு சத்திரம் சமைத்திருக்கலாம். அவர் சமைத்ததோ, நடப்பவர் யாரென்று கேளாத ஒரு வழி. அதனாலன்றோ ஏறத்தாழ 180 ஆண்டுகளாக எல்லாக் குலத்தாரும் அவர் பெயரைச் சொல்லி ஆற்றைக் கடக்கின்றனர்!

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் பெருகியதனால் நம்மவர் பலர் இன்று பொருளீட்டுகின்றனர். சங்கத்திற்கு மண்டபம் வேண்டுமென்று கேட்கின்றோம், அது வேண்டுவதே. எனினும் மழைக்காலத்தில் ஓடை பெருகினால் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகள் நம் மலைச் சிற்றூர்களில் உளர். மண்டபத்திற்குச் சேரும் நிதியில் நான்கிலொரு பங்கை ஒதுக்கி, அரசாங்கத்தின் அனுமதி பெற்று, ஓரோடைக்கேனும் நடைபாலம் அமைத்தல் தகும். மண்டபம் ஓராண்டு தாழ்க்கலாம். பிள்ளைகளின் படிப்புத் தாழ்க்கலாகாது.

இக்கருத்தைச் சங்கத்தார் அடுத்த கூட்டத்தில் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வேண்டி, இவ்வளவில் அமைகின்றோம்.