காலையில் ஓடும், மதியம் படுத்துவிடும்
(பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



வாலாஜாபாத்தில் டி.வி., இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறவனை மேடை ஏற்றியிருக்கிறீர்கள். தெரிந்த தொழிலைத்தான் பேசுவேன். நம் துறை அலமாரியில் ஒரு சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் இருக்கிறது, பழைய மாணவர் ஒருவர் தந்தது. கழிவுப் பட்டியலில் அதற்கு எதிரே ‘இயங்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். லேப் உதவியாளரைக் கேட்டேன். "காலைல நல்லாத்தான் சார் ஓடுது. இருபது நிமிஷம் கழிச்சு ஸ்கிரீன்ல கோடு கோடா வருது, அப்புறம் அப்படியே நின்னுடுது" என்றார். அப்படியானால் அது செத்த மெஷின் இல்லை. சூடு தாங்காத மெஷின்.

ஸ்பெக்ட்ரம் 1982-இல் இங்கிலாந்தில் வந்தது. புனேயில் டெசிபெல்ஸ் நிறுவனம் அதையே ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்று விற்றது. 1984-இல் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது வேறு மெஷின், பிபிசி மைக்ரோ. இரண்டுமே குளிர்தேசத்தில் பிறந்தவை. நம்ம ஊர் கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்காரும் என்று யார் நினைத்தார்கள்?

ஸ்பெக்ட்ரத்தில் ஃபேன் கிடையாது. அடாப்டரிலிருந்து வருவது 9 வோல்ட், போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட். நடுவில் 7805 என்ற ரெகுலேட்டர் மிச்சம் 4 வோல்ட்டையும் சூடாக்கித்தான் தள்ளும். 800 மில்லிஆம்ப் ஓடினால் 3.2 வாட் சூடு, அதுவும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள். அந்த அடாப்டர் வோல்டேஜைக் கட்டுப்படுத்தாத வகை. மெயின்ஸ் வோல்டேஜ் கூடினால் 9 என்பது 10, 11 ஆகும், சூடும் கூடும். ராத்திரியில் நம் தெருவில் வோல்டேஜ் ஏறுவது உங்களுக்கே தெரியும்.

ஆகவே முதல் வேலை மீட்டர். மெஷின் குளிர்ந்திருக்கும்போது 5 வோல்ட்டைப் பாருங்கள், தகராறு வந்தவுடன் மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் ரெகுலேட்டர் பக்கம். அதிகம் சுட்டால் 7805 தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். ஹீட்சிங்க் திருகு தளர்ந்ததா, பேஸ்ட் காய்ந்ததா என்று பார்த்தாலே பாதி கேஸ் முடிந்துவிடும். இப்போது அதே மூன்று கால் அளவில் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் கிடைக்கிறது, அவ்வளவாகச் சுடாது. பழமையைக் கெடுக்கிறோம் என்பார் சிலர். எனக்கு மெஷின் ஓடணும்.

5 வோல்ட் அசையவில்லையா? அப்போது 4116 மெமரி சிப் எட்டும். அவற்றுக்கு மூன்று சப்ளை: முதல் காலில் மைனஸ் 5, எட்டாம் காலில் 12, ஒன்பதில் 5. மைனஸ் 5 போய் 12 மட்டும் நின்றால் சிப் வெந்துவிடும், அதனால் இதை அளக்காமல் புதுச் சிப் போடாதீர்கள். எந்தச் சிப் என்பதைத் திரையே சொல்லும். ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்தான் ஒரு சிப்பின் பங்கு. ஆகவே ஒன்று கெட்டால் எட்டுப் புள்ளிக்கு ஒரு கோடு விழும். உதவியாளர் சொன்ன ‘கோடு கோடா’ இதுவாக இருக்கலாம்.

உறுதிசெய்ய விரல் போதும். எட்டில் ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அதுதான் ஆள். யு.எல்.ஏ. சிப் எப்போதுமே சுடும், பயப்படாதீர்கள். மெஷின் ஆறியிருக்கும்போது காகிதக் கூம்பு செய்து, ஹேர் டிரையர் காற்றை ஒவ்வொரு சிப்பாகக் காட்டலாம். எதைக் காட்டும்போது நிற்கிறதோ அங்கே கை வையுங்கள். பிபிசி மைக்ரோவில் மட்டும் விரல் வைத்தியம் வேண்டாம் தம்பி. பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, 230 வோல்ட்.

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களைத் தயங்காமல் மாற்றுங்கள். 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பெட்டியைத் திறக்கும்போது கீபோர்டின் பட்டை நாடாவை இழுக்காதீர்கள், இத்தனை வருஷத்தில் அப்பளமாகியிருக்கும்.

பாவில் ஒரு இழை அறுந்தால் நம் ஊர் நெசவாளர் தறியை உடைப்பதில்லை, இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறார். முதல்வர் அவர்களே, கழிவு ஏலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, மூன்று மாணவர்களோடு அந்த மெஷினை என்னிடம் விடுங்கள். ஏ.சி. அறை வேண்டாம். மே மாதம், மதியம் இரண்டு மணி, மாடி லேப். தகராறு அங்கேதான் வரும். மீட்டரும் சாலிடரும் நான் கொண்டுவருகிறேன்.