ஜன்னலை மாற்றும் முன் ஒரு சின்னக் கணக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் 24 வீடுகளுக்கும் ஒரே சமயத்தில் யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் போட்டுத் தருவதாக ஒரு கொட்டேஷன் வந்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. மொத்தமாகச் செய்தால் விலை குறையும் என்பது உண்மைதான். கையெழுத்துப் போடும் முன் பத்து நிமிடம் என் அனுபவத்தைக் கேளுங்கள். நான் இன்ஜினியர் இல்லை. வங்கியில் 36 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். வரவும் செலவும் டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

நம் கட்டடம் 1986-இல் கட்டியது. சென்னையில் அந்தக் காலத்து வழக்கப்படி மர நிலை, வெளிப்பக்கம் திறக்கும் இரண்டு கதவுகள், உள்ளே இரும்பு கிரில், மேலே இரண்டடி சன்ஷேடு. மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் என் அம்மா அறை ஜன்னல் உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போயிற்று. தச்சர் ஒருவர் வந்து பார்த்து, கீல் மாற்றி, அடிச்சட்டத்தைச் சரிசெய்ய 2,500 ரூபாய் கேட்டார். பழசுக்கு எதற்குச் செலவு என்று நினைத்து, 11,000 ரூபாய்க்கு ஸ்லைடிங் போட்டேன். பழைய நிலைக்குள்ளேயே புதுச் சட்டத்தைப் பொருத்தி, ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய தேக்குக் கதவுகளைப் பழைய மரக்கடையில் 600 ரூபாய்க்குப் போட்டேன்.

சித்திரை வந்தது. ஒரு நாள் மதியம் கரண்ட் இல்லை. அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டார்: "ஏன்டா, ஜன்னலைத் திறக்கவே இல்லையா?"

திறந்துதான் இருந்தது.

அன்றைக்குத்தான் டேப்பை எடுத்தேன். சுவரில் விட்ட இடம் 4 அடிக்கு 4 அடி, அதாவது 16 சதுர அடி. மர நிலை பக்கத்துக்கு 3 அங்குலம் போக, பழைய கதவுகளை விரியத் திறந்தால் காற்றுக்கு 12¼ சதுர அடி கிடைத்தது. அந்த நிலைக்குள் புதுச் சட்டம் பக்கத்துக்கு 2½ அங்குலம் எடுத்துக்கொண்டதில் மிஞ்சியது 9½. ஸ்லைடிங்கில் ஒரு பாதி எப்போதும் மூடியே இருக்கும். ஆகக் கடைசியில் 4¾ சதுர அடி. பன்னிரண்டே காலை நாலே முக்காலாக்க நானே பணம் கொடுத்திருக்கிறேன்!

இன்னொரு கணக்கும் உண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில், ஒரு அறையின் காற்று வழிகள் சட்டத்தோடு சேர்த்துத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நம் சின்னப் படுக்கையறை 100 சதுர அடி. ஆறில் ஒன்று 17-க்குக் கொஞ்சம் குறைவு. இருப்பதோ 16. விட்டுக்கொடுக்க நம்மிடம் உபரி இல்லை.

ஆகவே முதலில் மரத்தைப் பாருங்கள். நிலையின் அடிப்பகுதியிலும் சுவர் ஓரத்திலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சட்டென்று உள்ளே இறங்கினால் கரையானோ ஈரமோ தின்றிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். இறங்காவிட்டால் பழுது பார்த்தாலே போதும். ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் உப்பிய கதவை அதிகமாக இழைக்க விடாதீர்கள். வெயில் வந்ததும் சுருங்கி இடைவெளி விழும்.

மாற்றுவதென்றால், நிலையைப் பெயர்த்து எடுக்கிறார்களா, அதற்குள்ளேயே பொருத்துகிறார்களா என்று கேளுங்கள். பெயர்த்தால் பூச்சு உடையும், கொத்தனார் செலவு சேரும். ஆனால் இடம் மிஞ்சும். யுபிவிசியிலும் கதவு மாதிரி திறக்கும் ஜன்னல் உண்டு. ரப்பர் வைத்து இறுக்கி மூடுவதால், மெயின் ரோடு பக்கம் தூசியும் சத்தமும் ஸ்லைடிங்கைவிடக் குறையும். கொசுவலையை எந்தப் பக்கம் போடுவது என்று மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பொது நடைபாதைப் பக்கம் கதவு திறந்தால் போகிறவர் தலையில் இடிக்கும். அங்கே அதுதான் சரி. எதைப் போட்டாலும், சட்டத்துக்குள் இரும்புக் குழல் வைக்கிறார்களா, தண்ணீர் வெளியேறும் துளைகள் வெளிப்பக்கம் இருக்கின்றனவா, கண்ணாடி டஃபன் செய்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது மூன்றாம் மாடியில் சாதாரணக் கண்ணாடி கத்தி கத்தியாக விழுந்ததைப் பார்த்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். ஜன்னலோடு சேர்த்து சன்ஷேடையும் இடித்துச் 'சுத்தம்' செய்யலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். வெயிலையும் மழையையும் முதலில் வாங்கிக்கொள்வது அதுதான்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். வெளித்தோற்றமும் நிறமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். தீர்மானத்தில் அதை எழுதிக்கொள்வோம். எந்த ஜன்னல் எப்படித் திறக்க வேண்டும் என்பதை வீடுவீடாக, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து முடிவு செய்வோம். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

என் கணக்கை முடித்துவிடுகிறேன். போன மாசி மாதம் அம்மா அறை ஸ்லைடிங்கைக் கழற்றினேன். உள்ளே பழைய நிலை கல் மாதிரி இருந்தது. கதவுகள்தான் இல்லை. புதிதாகத் தேக்கில் செய்ய 19,000 ஆயிற்று. பதினொன்றும் பத்தொன்பதும் முப்பது. மரக்கடை கொடுத்த 600 போக, 29,400. முதலிலேயே 2,500-இல் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அம்மாவுக்கு இப்போது 89 வயது. இரண்டு கோடை அந்த அறையில் புழுங்கியிருக்கிறார். அதை எந்தப் பற்றில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது மதியம் கடற்காற்று வந்ததும் ஃபேனை நிறுத்தச் சொல்கிறார்.

டேப் என்னிடம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், வந்து அளந்து தருகிறேன்.